கணுக்காற் சுளுக்கு: வலி நீங்குதலும் குணமடைதலும்

விளையாட்டுக் களங்களில் நிகழும் காயங்களுள் மிகப் பெரும்பாலும் காணப்படுவனவற்றுள் ஒன்று கணுக்காற் சுளுக்காகும். உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் என்றின்னோரன்ன ஆட்டங்களிலே ஓடுதலும், பாய்தலும், பாய்ந்து நிலத்திற் கால் ஊன்றுதலும், ஓடுந் திசையைச் சடுதியாக மாற்றுதலும் இடையறாது நிகழ்கின்றன. இச்செயல்கள் யாவற்றிலும் உடலின் பாரம் முழுவதையும் ஒரு கணத்திலே தாங்கிக்கொள்வது கணுக்கால். விளையாட்டுப் பயிலாதோரும் இதற்கு விலக்கல்லர். படியில் இறங்கும்போதும், வரம்பில் நடக்கும்போதும், பேருந்திலிருந்து இறங்கும்போதும் கால் பிரளுதல் யாவரும் அறிந்ததே.

இவ்வளவு பொதுவானதாய் இருத்தலினாலேயே இக்காயம் அற்பமானதாக எண்ணப்படுகின்றது. 'சுளுக்குத்தானே' என்று சொல்லிவிடுதல் வழக்கமாயுள்ளது. அச்சொல்லிலே இரண்டு தவறுகள் அடங்கியிருத்தல் கூடும். ஒன்று, சுளுக்கெனக் கருதப்பட்டது சுளுக்கன்றி என்பு முறிவாயிருத்தல். மற்றொன்று, உண்மையிலே சுளுக்காயிருப்பினும், வலி நீங்கிய அன்றே அது குணமாயிற்றென்று கொள்ளுதல். முன்னைய தவறு காயம்பட்ட முதல் மணித்தியாலத்திலே நேர்வது; பின்னையது சில வாரங்கள் கழித்து நேர்வது. முன்னையதைத் தவிர்க்கும் வழியைப் பலரும் இப்பொழுது அறிந்துள்ளனர். பின்னையதே இன்றும் பல இளைஞரின் விளையாட்டு வாழ்வைக் குறுக்கி வருகின்றது. ஆதலின் வலி நீங்குதல் வேறு, குணமடைதல் வேறு என்பது நன்கு ஆராயத்தக்கது.

மூட்டின் அமைப்பு

கணைக்காலில் இரண்டு என்புகள் உள. உட்புறத்தே தடித்திருப்பது கணைக்காலுள்ளென்பு. வெளிப்புறத்தே மெலிந்திருப்பது கணைக்கால்வெளியென்பு. இவற்றின் கீழ்முனைகள் கணுக்காலின் இருமருங்கிலும் புடைத்து நிற்கின்றன. இவ்விரு புடைப்புக்களுக்கும் இடையே, தச்சன் வெட்டிய துளையிலே கழுந்து பொருந்துமாறு போல, பாதத்தின் உச்சியிலுள்ள கணுவென்பு பொருந்தியிருக்கின்றது.

இக்கணுவென்பின் முன்பாகம் அகன்றும் பின்பாகம் ஒடுங்கியும் உள்ளது. பாதம் மேல்நோக்கி மடியும்போது அகன்ற முன்பாகம் இடைவெளியை நிரப்புதலின் மூட்டு இறுகி நிற்கும். பாதம் கீழ்நோக்கி நீளும்போது ஒடுங்கிய பின்பாகமே இடைவெளியில் நிற்றலின் மூட்டு நெகிழ்வுறும். மேலெழும்பிப் பந்தை அடித்த ஒருவன் மீண்டும் நிலத்தை அணுகும்போது அவன் பாதம் கீழ்நோக்கி நீண்டேயிருக்கும். கால் நிலத்தைத் தொடும் வேளையிலே சுளுக்கு மிகுதியாக நிகழ்வதன் காரணம் இதனால் விளங்கும்.

என்போடு என்பைப் பிணைப்பன நார்க்கட்டுக்கள். தசையை என்போடு பிணைப்பன தசைநாண்கள். கணுக்காலின் உட்புறத்து நார்க்கட்டு விசிறி போல விரிந்து மிக்க உறுதியுடையது. வெளிப்புறத்தே மூன்று நார்க்கட்டுக்கள் தனித்தனியே உள்ளன. அவை மூன்றும் வெளிப்புடைப்பிலிருந்து தொடங்குகின்றன. முன்கட்டு கணுவென்பின் முன்பாகத்தையும், நடுக்கட்டு அதன் கீழுள்ள குதியென்பையும், பின்கட்டு கணுவென்பின் பின்பாகத்தையும் சென்று பற்றுகின்றன. மூன்றனுள்ளும் உறுதி குன்றியது முன்கட்டேயாம். மேலும், வெளிப்புடைப்பு உட்புடைப்பிலும் தாழ்ந்து நிற்றலின், பாதம் வெளிப்புறமாகச் சாய்வது அரிது. உட்புறமாகப் பிரள்வது எளிது.

சுளுக்கு நிகழுமாறு

பாதத்தின் அடி உட்புறம் நோக்கித் திரும்ப, உடற்பாரம் அதன்மேல் விழுமாயின், வெளிப்புற நார்க்கட்டுக்கள் இழுபடுகின்றன. முதலிற் சிதைவது முன்கட்டு. விசை மிகின் நடுக்கட்டும் சிதையும். பின்கட்டு அறுதல் அரிது. கரப்பந்தாட்டம் 1991 ஆம் ஆண்டு முதல் இலங்கையின் தேசிய விளையாட்டாக விளங்குகின்றது. அவ்வாட்டத்திலே வலையின் அருகே மேலெழும்பிய வீரன் இறங்கும்போது, எதிரணி வீரனின் பாதத்தின்மேல் அல்லது தன் அணியினனின் பாதத்தின்மேல் கால் வைத்துப் பிரளுதல் இக்காயத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

சுளுக்கை வைத்தியர் மூன்று படிகளாக வகுப்பர். நார்கள் இழுபட்டுச் சில நுண்ணிழைகள் மாத்திரம் அறுதல் முதற்படி. நார்க்கட்டின் ஒரு பகுதி அறுதல் இரண்டாம் படி. நார்க்கட்டு முற்றாக அறுந்து மூட்டு நிலைதளர்தல் மூன்றாம் படி. இம்மூன்றும் ஒரே பெயரால் வழங்கப்படினும், குணமாகும் காலத்தால் ஒன்றினின்று ஒன்று பெரிதும் வேறுபட்டன.

இவற்றின் வேறாக, மேற்கணுச் சுளுக்கு என்பது ஒன்றுண்டு. பாதம் நிலத்தில் ஊன்றி நிற்க, கால் அதன்மேல் முறுகித் திரும்பும்போது, கணைக்காலின் இரண்டு என்புகளையும் ஒன்றோடொன்று பிணைக்கும் நார்கள் சிதைவதால் இது விளைகின்றது. வலி கணுவின் மேற்புறத்தே தோன்றும். கணைக்காலின் நடுப்பாகத்தில் இரு என்புகளையும் சேர்த்து நெரிக்க, கீழே கணுவின் அருகில் வலித்தல் இதன் அறிகுறியாகும். சாதாரண சுளுக்கிலும் இது குணமாக நெடுங்காலம் வேண்டும்.

முறிவா, சுளுக்கா?

காயம்பட்ட கால் விரைந்து வீங்குகின்றது. தோலின்கீழ்க் குருதி பரவி நீலநிறம் தோன்றுகின்றது. இவை முறிவிலும் உண்டு, சுளுக்கிலும் உண்டு. ஆதலின் வீக்கத்தின் பருமனைக்கொண்டு முறிவைத் துணிதல் இயலாது. 1895 ஆம் ஆண்டிலே ஜேர்மன் அறிஞர் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பின்னர், ஐயம் நீங்கும் வழி பிறந்தது. காலப்போக்கிலே கணுக்காலிற் காயம்பட்டு வைத்தியசாலைக்கு வருவோர் ஏறக்குறைய யாவருக்கும் படம் பிடித்தல் வழக்கமாயிற்று. ஆயினும் அவ்வாறு பிடித்த படங்களுள் முறிவைக் காட்டியவை நூற்றுக்கு 15 அளவினவே. எஞ்சியோர் காலமும் பொருளும் செலவிட்டு, வேண்டாத கதிர்வீச்சுக்கும் ஆளாகினர்.

கனடா நாட்டின் ஒட்டாவா நகரத்திலே அவசர சிகிச்சை வைத்தியரான இயன் ஸ்டீல் என்பாரும் அவர்தம் குழுவினரும் இதனை ஆராய முற்பட்டனர். காயம்பட்ட 750 பேரைப் பரிசோதித்து, எவ்வறிகுறிகள் முறிவுடன் பிரியாது நிற்கின்றன என்று கண்டு, 1992 ஆம் ஆண்டிலே சில விதிகளை வெளியிட்டனர். அவை ஒட்டாவா விதிகள் என இன்று உலகெங்கும் வழங்குகின்றன. அவ்விதிகளைக் கையாளக் கருவி எதுவும் வேண்டா. விரலும் நான்கு அடி நிலமும் போதும்.

கணுக்காலில் வலியுள்ள ஒருவரிடத்துப் பின்வருவனவற்றுள் ஒன்றேனும் காணப்படின் எக்ஸ் கதிர்ப்படம் வேண்டும். ஒன்று, வெளிப்புடைப்பின் நுனியை அல்லது நுனியிலிருந்து மேல்நோக்கி 6 சென்ரிமீற்றர் வரையுள்ள அதன் பின்விளிம்பை அழுத்தும்போது என்பிலே வலித்தல். இரண்டு, உட்புடைப்பை அவ்வாறே அழுத்தும்போது வலித்தல். மூன்று, காயம்பட்டவுடனும், பின்னர்ப் பரிசோதனை வேளையிலும் நான்கு அடி எடுத்து வைக்க இயலாமை. நொண்டியேனும் நான்கு அடி வைப்பாராயின், அவர் நடக்க வல்லவர் என்றே கொள்ளப்படுவர். வலி பாதத்தின் நடுப்பாகத்தில் இருப்பின், வேறு இரண்டு இடங்களை அழுத்திப் பார்த்தல் வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பின் நடுவே புடைத்து நிற்கும் என்பு ஒன்று. உட்புற வளைவின் மேலே தோணியுருவாய் அமைந்த என்பு மற்றொன்று. அவற்றுள் ஒன்று வலிப்பினும், நான்கு அடி நடக்க இயலாவிடினும் படம் வேண்டும்.

அழுத்தவேண்டிய இடம் புடைப்பின் பின்விளிம்பு என்பது கவனிக்கத்தக்கது. புடைப்பின் முன்புறத்தே முன்கட்டு இருத்தலின், அவ்விடத்தை அழுத்தினாற் சுளுக்குற்றோர் யாவருக்கும் வலிக்கும். பின்விளிம்பிலே நார்க்கட்டின் வலி கலவாது, என்பின் வலி தனித்துத் தோன்றும். விதியின் நுட்பம் இதிலேயே உள்ளது.

இவ்விதிகளை ஆராய்ந்த 27 ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்குதொகுத்து 2003 ஆம் ஆண்டிலே வெளிவந்த கட்டுரையொன்றின்படி, விதிகளால் முறிவில்லை எனப்பட்டோருள் முறிவுடையோர் நூற்றுக்கு இருவரிலுங் குறைவே. வேண்டாத படங்களும் மூன்றிலொரு பங்களவு குறையுமென்று காணப்பட்டது. ஆயினும் விதிகளுக்கும் எல்லையுண்டு. அவை முறிவில்லை என்பதைத் துணிதற்கு உதவுவன. முறிவுண்டு என்பதை நிறுவ வல்லனவல்ல. மதுமயக்கத்தில் உள்ளோர், உடலின் வேறிடத்திலே பெருங்காயம் பட்டோர், நீரிழிவு முதலியவற்றாற் காலில் உணர்ச்சி குன்றியோர் ஆகியோரிடத்து அவற்றை நம்புதல் ஆகாது. இளஞ்சிறுவரின் என்பு முனைகளிலே வளர்ச்சிக்குரிய மென்மையான தட்டுக்கள் உள்ளமையால், என்பை அழுத்தும்போது வலிக்குமாயின் வைத்தியரிடம் காட்டுதலே தக்கது. கால் உருத்திரிந்திருப்பினும், தோல் கிழிந்து என்பு தெரியினும், விரல்கள் குளிர்ந்து வெளிறியோ உணர்வற்றோ காணப்படினும் பரிசோதனை எதுவும் வேண்டா. காலை அசையாது மட்டை வைத்துக் கட்டி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

மயக்கந் தரும் பிற காயங்கள்

முறிவு இல்லையென்று துணிந்த பின்னும், சுளுக்குப்போலத் தோன்றும் வேறு காயங்கள் உள. அவற்றுள் முதன்மையானது குதிக்குப் பின்னாலுள்ள பெருந்தசைநாண் அறுதல். ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற உணர்ச்சி தோன்றும். திரும்பிப் பார்ப்பின் ஒருவரும் இரார். காயம்பட்டவரைக் குப்புறப் படுக்கச்செய்து, கெண்டைத்தசையைக் கையாற் பிடித்து நெரித்தால், நாண் முழுமையாக உள்ள காலிலே பாதம் கீழ்நோக்கி அசையும். நாண் அறுந்த காலிலே அசையாது. இக்காயத்துடன் சிலர் நொண்டி நடக்க வல்லராதலின், சுளுக்கென்று வாளா விடப்படுதல் உண்டு. காலந் தாழ்த்தின் சிகிச்சை கடினமாகும்.

மற்றொன்று மூட்டினுள்ளே நிகழும் காயம். என்பின் முனையை மூடி வழுவழுப்பாக அமைந்துள்ள கசியிழையம், கால் பிரளும் விசையாற் சிதைதல் கூடும். முதலிற் பிடிக்கும் எக்ஸ் கதிர்ப்படத்தில் இது பெரும்பாலும் புலப்படாது. ஆறு வாரங்கள் கழிந்தும் மூட்டின் ஆழத்திலே வலி, வீக்கம், இடையிடையே மூட்டுச் சிக்கிக்கொள்ளுதல் ஆகியன தொடருமாயின் இதனை ஐயுற்று, காந்தப் புலத்தாற் படம் பிடிக்கும் முறையினாலே ஆராய்தல் வேண்டும்.

நார்க்கட்டு முற்றாக அறுந்ததோ என்பதைக் காயம்பட்ட அன்று அறிதல் எளிதன்று. வலியும் வீக்கமும் மிக்கிருத்தலின், காயம்பட்டவர் தசைகளை இறுக்கிக்கொள்வர்; மூட்டின் நெகிழ்ச்சி புலப்படாது. நெதர்லாந்து நாட்டு அறுவை வைத்தியர் வான் டைக் என்பவரும் பிறரும் 1996 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு, நான்கு ஐந்து நாட்கள் கழித்துச் செய்யும் பரிசோதனையே உண்மையை நன்கு காட்டுமென்று நிறுவியது. ஆகவே முதல் நாளிலே முறிவுண்டோ என்று நோக்கி, ஐந்தாம் நாளளவில் நார்க்கட்டின் நிலையை நோக்குதல் முறையாகும். இரண்டாம் பரிசோதனையைக் கைவிடுதலே பெரும்பாலும் நிகழ்வது.

முதலுதவி

காயம்பட்டவரை ஆட்டத்தினின்றும் உடனே நீக்குதல் முதற் கடன். ஆட்டத்தின் உற்சாகத்திலே வலி முழுவதும் உணரப்படாது. ஆதலின் 'ஆட முடியும்' என்று வீரன் சொல்லும் சொல்லை அவ்வேளையிற் சான்றாகக் கொள்ளல் ஆகாது.

அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின் என்பார் 1978 ஆம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றிலே ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் ஒருங்கே கூறினார். அந்நாற்கூற்று முறை உலகெங்கும் பரவியது. பின்னாளிலே அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாதலைத் தாமதப்படுத்தக் கூடுமென்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அழற்சி என்பது உடல் தன்னைத் தானே பழுதுபார்க்கத் தொடங்கும் முதற் செயலாதலின், அதனை முற்றாக அடக்குதல் நன்றன்று என்பதே அதற்குக் காரணம். பனிக்கட்டி வலியைத் தணிப்பது உண்மை. விரைவிற் குணமாக்கும் என்பதற்குப் போதிய சான்றில்லை. அதனைப் பயன்படுத்துவோர் துணியிற் சுற்றி ஒருமுறைக்கு 15 அல்லது 20 நிமிடத்துக்கு மேற்படாது வைத்தல் வேண்டும். தோலின்மேல் நேரே வைப்பின் தோல் புண்படும்.

அழுத்தக் கட்டும், காலை நெஞ்சின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்தலும் வீக்கத்தைக் குறைக்க உதவுவன. இழுபடுந் துணியினாலே விரல்களின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுதல் வேண்டும். விரல்கள் மரத்தாலும் நீலித்தாலும் கட்டைத் தளர்த்துதல் அவசியம்.

ஈழநாட்டிலே முறிவு நெரிவு வைத்தியம் பரம்பரையாகப் பயிலப்பட்டு வருகின்றது. மட்டை வைத்து உறுப்பை நிலைபெறக் கட்டுதல் அவ்வைத்தியத்தின் அடிப்படைகளுள் ஒன்று. அது மேனாட்டு முறைக்கும் உடன்பாடானதே. ஆயின் அயலார் சிலர் காயம்பட்ட அன்றே எண்ணெய் பூசி வலிந்து உருவுதலும், 'சுளுக்கெடுத்தல்' எனப் பாதத்தைப் பிடித்துச் சடுதியாக முறுக்குதலும் தீங்கு விளைப்பன. நுண்குழாய்கள் அறுந்து குருதி கசியும் வேளையிலே உருவுதலால் கசிவு மிகும். முறிவிருப்பின் அது விலகும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உருவுதல், வெந்நீர் ஒத்தடம், மது ஆகிய மூன்றையும் தவிர்த்தல் நன்று.

ஓய்வும் அசைவும்

முன்னாளிலே கடுஞ் சுளுக்குக்குப் பல வாரங்கள் பாரிசுச் சாந்துக் கட்டுப் போடுதல் வழக்கமாயிருந்தது. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள், நெடுநாள் அசையாதிருத்தலிலும், கணுக்காற் காப்பு அணிந்து விரைவிலே அசையத் தொடங்குதலே பெரும்பாலோருக்கு நலந் தருமென்று காட்டின. கடுஞ் சுளுக்குற்ற 584 பேரிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, முழங்காலின் கீழ் 10 நாட்கள் போடப்பட்ட சாந்துக்கட்டு, வெறும் துணியுறையிலும் விரைவிற் குணந் தந்ததென்று கண்டது. இவை ஒன்றுக்கொன்று மாறுபட்டன போலத் தோன்றினும் உண்மையில் மாறுபட்டன அல்ல. கடுங்காயத்துக்குச் சில நாள் உறுதியான காப்பு வேண்டும். பல வாரம் கட்டிக் கிடத்தல் ஆகாது என்பதே இரண்டாலும் பெறப்படுவது.

புதிதாகத் தோன்றும் நாரிழைகள் முதலில் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடக்கும். அளவான இழுவிசை நாள்தோறும் படுவதனாலேயே அவை விசையின் வழியே நிரைப்பட்டு உறுதி பெறுகின்றன. முதற் சில நாட்கள் அழற்சியின் காலம். அதன்பின் ஆறு வாரமளவும் புதிய நார் உருவாகும் காலம். அதற்கப்பாற் பல மாதங்கள் அது முதிர்ந்து உறுதிப்படும் காலம். வலியோ பலருக்கு இரண்டு மூன்று வாரங்களிலேயே மறைந்துவிடுகின்றது. வலி மறைந்த நாளும் நார் உறுதிபெற்ற நாளும் ஒன்றாகா என்பது இதனாற் புலனாகும்.

அசைவுப் பயிற்சி எளியது. நாற்காலியில் அமர்ந்து, காலை நீட்டி, பெருவிரலினால் ஆகாயத்திலே உயிரெழுத்துக்கள் பன்னிரண்டையும் எழுதினால், கணுக்கால் எல்லாத் திசையிலும் அசையும். வலி மிகாத அளவிலே ஊன்றி நடக்கத் தொடங்கலாம். பின்னர்ச் சுவரைப் பிடித்து நின்று குதியை உயர்த்தித் தாழ்த்துதலும், இழுபடுந் துணியைப் பாதத்தில் மாட்டி வெளிப்புறமாக இழுத்தலும் தசைகளை வலிமைப்படுத்தும். கணைக்காலின் வெளிப்புறத் தசைகள் பாதம் உட்புறமாகப் பிரளாது தடுப்பனவாதலின், அவற்றை வலிமைப்படுத்துதல் இன்றியமையாதது.

இழந்த நிலையுணர்வு

இத்துடன் சிகிச்சை முடிந்ததென்று நிறுத்துவோரே பலர். எஞ்சியிருப்பதோ எல்லாவற்றிலும் முதன்மையானது. கண்ணை மூடிக்கொண்டிருப்பினும் தன் பாதம் எவ்வாறு சாய்ந்திருக்கின்றது என்பதை ஒருவன் அறிகின்றான். மூட்டைச் சூழ்ந்த நார்க்கட்டுக்களிலும் தசைகளிலும் நாண்களிலும் உள்ள நுண்ணிய நரம்பு முனைகள் அச்செய்தியை இடையறாது மேலே அனுப்பிக்கொண்டிருத்தலே அதற்குக் காரணம். இதனை நிலையுணர்வு எனலாம்.

இங்கிலாந்து நாட்டு அறுவை வைத்தியர் மைக்கல் பிறீமன் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும், சுளுக்குக் குணமான பின்னும் பலருடைய கணுக்கால் அடிக்கடி வழுவுவதன் காரணத்தை ஆராய்ந்து, 1965 ஆம் ஆண்டிலே ஒரு கருத்தை வெளியிட்டனர். நார் அறும்போது அதிலுள்ள நரம்பு முனைகளும் சிதைகின்றன. நார் மீண்டும் பொருந்தினும் செய்தி முன்போற் செல்வதில்லை. பாதம் பிரளத் தொடங்குவதைத் தசைகள் காலந் தாழ்த்தே அறிகின்றன என்பது அவர்தம் கருத்து. இதற்கு மருந்தாக அவர்கள் கூறியது, அசையும் பலகையின்மேல் நின்று சமநிலை பயிலுதல். அவர்கள் கூறிய காரணத்தின் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. ஆயின் அவர்கள் கூறிய பயிற்சி நிலைபெற்றது.

நெதர்லாந்து நாட்டுக் கரப்பந்தாட்ட அணிகளிடையே நடத்தப்பட்டு 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்விலே, ஆட்டத்துக்கு முன் ஆடுபலகையிற் பயின்றோருள், முன்னரே சுளுக்குற்றோருக்கு அது மீண்டும் நேர்தல் குறைந்தமை காணப்பட்டது. இதன் சிறப்பை உணர்தற்கு மற்றோர் ஆய்வையும் நோக்குதல் வேண்டும். முதன்முறை சுளுக்குற்றோரை ஓராண்டு தொடர்ந்து நோக்கிய அயர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர், அவர்களுள் நூற்றுக்கு 40 பேரிடம் கணுக்கால் நிலையின்மை நிலைத்துவிட்டதென 2016 ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். அடுத்த சுளுக்குக்கு முன்னறிகுறியாய் அமைவது முந்திய சுளுக்கே. இவ்வாறு பலமுறை பிரண்ட மூட்டிலே கசியிழையம் தேய்ந்து, நடுவயதிலேயே மூட்டுவாதம் தோன்றுதலும் உண்டு.

ஆடுபலகை இல்லாத பாடசாலையிலும் இப்பயிற்சியைச் செய்யலாம். முதலில் ஒற்றைக்காலில் அரை நிமிடம் நிற்றல். பின்னர்க் கண்ணை மூடி நிற்றல். அதன்பின் மடித்த பாய் அல்லது தலையணையின்மேல் நிற்றல். அவ்வாறு நின்றபடியே பந்தை எறிந்து பிடித்தல். இறுதியிலே ஒற்றைக்காலால் முன்னும் பின்னும் பக்கங்களிலும் தாவி நிலையாக நிற்றல். நாள்தோறும் பத்து நிமிடமளவிலே சில மாதங்கள் இதனைத் தொடர்தல் வேண்டும். அக்காலத்திலே விளையாடும்போது நாடாவால் இறுக்கிக் கட்டும் கணுக்காற் காப்பை அணிதலும், சுளுக்கு மீள்வதைக் குறைக்கும் என்பது பல ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது.

களத்துக்கு மீளுதல்

'எத்தனை நாளில் ஆடலாம்?' என்பதே வீரனும் பயிற்றுநரும் முதலிற் கேட்கும் வினா. இவ்வினாவுக்கு நாட்கணக்கால் விடை கூறுதல் முறையன்று. 2021 ஆம் ஆண்டிலே பல நாட்டு வல்லுநர் ஒத்த கருத்தாக வெளியிட்ட முடிவின்படி ஐந்து கூறுகளை நோக்குதல் வேண்டும். அவை வலி, மூட்டின் அசைவும் வலிமையும், வீரன் தன் காலிற் கொண்டுள்ள நம்பிக்கை, சமநிலை, ஆட்டத்துக்குரிய செயல்களை முழு வேகத்திலே செய்யும் ஆற்றல் என்பன. ஐந்தனுள் வலி ஒன்று மாத்திரமே என்பது நோக்கத்தக்கது.

பாடசாலைக் களத்திலே இவற்றைச் சோதித்தல் அரிதன்று. சுவரை நோக்கி நின்று, குதி நிலத்தினின்றும் எழாது முழங்காலாற் சுவரைத் தொடும்போது, பாதத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை இரு கால்களிலும் அளந்து ஒப்பிடலாம். ஒற்றைக்காலிற் குதியுயர்த்தும் எண்ணிக்கையையும், ஒற்றைக்காலால் தாவும் தூரத்தையும் அவ்வாறே ஒப்பிடலாம். பின்னர் எட்டின் வடிவிலே ஓடச்செய்து, சடுதியாகத் திரும்பி நிற்கச்செய்து, முழுப் பயிற்சியொன்றிற் பங்குபற்றச் செய்தல் வேண்டும். காயம்பட்ட கால் மற்றைக் காலுக்கு ஏறக்குறைய ஒப்பாக நிற்பின் ஆடவிடலாம். நில்லாவிடின், அடுத்த நாள் எத்துணைப் பெரிய போட்டியாயினும் ஆடவிடுதல் ஆகாது.

இருவர் வரலாறு

கணுக்கால் ஒன்று ஒரு வீரனின் வாழ்வை எவ்வாறு நிர்ணயிக்கும் என்பதற்கு நெதர்லாந்து உதைபந்தாட்ட வீரர் மார்க்கோ வான் பாஸ்டன் சான்றாவார். 1986 ஆம் ஆண்டின் இறுதியிலே அவர் கணுக்காலிற் காயமுற்றார். அக்காலோடு தொடர்ந்து ஆடி, 1987 ஆம் ஆண்டிலே ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ண இறுதிப்போட்டியிலே தம் அணிக்கு வெற்றி தந்த ஒரே இலக்கையும் பெற்றார். ஐரோப்பாவின் சிறந்த வீரருக்குரிய விருதை 1988, 1989, 1992 ஆகிய ஆண்டுகளிலே பெற்ற அவர், கணுக்காலிற் பலமுறை அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டார். 1993 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் தம் கழகத்துக்காக ஆடிய போட்டியே இறுதிப் போட்டியாயிற்று. அப்போது அவருக்கு வயது 28. இரண்டாண்டுகள் குணத்தை எதிர்பார்த்திருந்து, 1995 ஆம் ஆண்டிலே ஓய்வை அறிவித்தார். மூட்டின் கசியிழையம் சிதைந்தமையே அதன் காரணம்.

அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் ஸ்டெஃபன் கரி என்பாரின் வரலாறு வேறு. மீண்டும் மீண்டும் வலது கணுக்காற் சுளுக்கினால் வருந்திய அவருக்கு 2011, 2012 ஆகிய ஆண்டுகளிலே அறுவைச் சிகிச்சை நிகழ்ந்தது. 66 போட்டிகள் கொண்ட ஒரு பருவத்திலே 26 போட்டிகளில் மாத்திரமே அவர் ஆடினார். பின்னர் அவருடைய பயிற்றுநர் கணுக்காலை மாத்திரம் நோக்காது, இடுப்பின் வலிமையையும் உடலின் சமநிலையையும் பெருக்கும் பயிற்சிகளை நெடுங்காலம் தொடர்ந்து அளித்தனர். திசை மாறும்போது விழும் விசையை இடுப்புத் தசைகள் ஏற்கவே, கணுக்காலின் சுமை குறைந்தது. 2015, 2016 ஆகிய ஈராண்டுகளிலும் அவர் தம் நாட்டுக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் சிறந்த வீரராகத் தெரிவு செய்யப்பட்டார்.

இருவர் காயமும் ஒன்றல்ல. ஒருவருடையது மூட்டின் உள்ளே, மற்றவருடையது பெரும்பாலும் நார்க்கட்டிலே. ஆதலின் ஒருவர் செய்யத் தவறியதை மற்றவர் செய்தார் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் சிதைந்த கசியிழையம் எளிதில் மீளாது என்பதையும், சிதைந்த நார்க்கட்டுப் பொறுமையான பயிற்சியால் மீளும் என்பதையும் இவ்விரு வரலாறுகளும் உணர்த்துகின்றன. நார்க்கட்டுக் காயமாய் இருக்கும்போதே அதனை முற்றாகக் குணமாக்குதல், அது மூட்டின் உள்ளே சென்று பற்றாது காத்தலுமாகும்.

பாடசாலையின் கடன்

பாடசாலைகளிலே இல்ல விளையாட்டுப் போட்டிகளும், பிற கல்லூரிகளுடன் நிகழும் போட்டிகளும் குறித்த நாட்களிலேயே வருகின்றன. அணியின் சிறந்த வீரன் போட்டிக்குப் பத்து நாள் முன்பு காலைப் பிரட்டிக்கொள்வானாயின், அவன் வலியை மறைத்தல் இயல்பு. தோழர் அவனை ஊக்குதலும் இயல்பு. கல்லூரியின் பெயரை எண்ணி ஆசிரியர் தயங்குதலும் இயல்பே. யாவரும் நல்லெண்ணமுடையோராயிருக்க, தீங்கு ஒருவன் காலில் விளைகின்றது. ஆதலின் களத்துக்கு மீளுந் தகுதியைத் துணிபவர் வீரனும் ஆகாது, வெற்றியை நாடும் பயிற்றுநர் தனித்தும் ஆகாது, மேலே கூறிய சோதனைகளாகவே இருத்தல் வேண்டும். வலியடக்கும் மாத்திரையை விழுங்கி ஆடும் வழக்கம் இச்சோதனைகளைப் பொய்யாக்குமாதலின் அதனை விலக்குதல் வேண்டும்.

முறிவை ஐயுறும் விரலும், ஐந்தாம் நாள் மீண்டும் பார்க்கும் பொறுப்பும், ஒற்றைக்காலில் நின்று பயிலும் பத்து நிமிடமும் எப்பாடசாலைக்கும் எட்டுவன. அவை எட்டியும் கைக்கொள்ளப்படாமையே குறை. இன்று ஓடும் மாணவன் நாற்பது வயதிலும் நோவின்றி நடத்தல் வேண்டும் என்பது விளையாட்டுக் கல்வியின் பயன்களுள் ஒன்றாக எண்ணப்படுமாயின், அக்குறை நீங்கும்.